கொத்து மோட்டார் ராக்கெட்: கிட் வாங்காமல் சொந்தமாகச் செய்வோர் கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனிலும் ஜோஹன்னஸ்பர்க்கிலும் மாதிரி ராக்கெட் விடும் தமிழ் வீட்டார், ஒற்றை மோட்டார் பழகிய பிறகு தவறாமல் கேட்கத் தொடங்கும் கேள்விகள் இவை. சாட்ஸ்வர்த், வெருலம், லெனேசியா என்று எங்கிருந்து வந்தாலும் கேள்விகள் அதிகம் மாறுவதில்லை. என் பதில்கள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. மூன்று மோட்டார் வைத்தால் ஒன்று பற்றாமல் போகும் நாள் வரும். அந்த நாளுக்காகத்தான் ராக்கெட்டை வரைய வேண்டும். எல்லாம் பற்றும் நாளில் அது தானாகவே நன்றாகப் பறக்கும்.

கொத்து ராக்கெட் என்றால் என்ன?

ஒரே ராக்கெட்டின் அடியில் இரண்டு, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மோட்டார்களை அருகருகே பொருத்தி, எல்லாவற்றையும் ஒரே கணத்தில் பற்றவைப்பது. ஒன்றன் பின் ஒன்றாக எரிவது அடுக்கு ராக்கெட். அது வேறு கலை, இங்கே பேசப்போவதில்லை.

ஒரே பெரிய மோட்டார் வாங்கி வைத்தால் வேலை முடிந்ததே? எதற்கு இந்தத் தலைவலி?

நியாயமான கேள்வி. மூன்று சி6 மோட்டார்கள் (இந்தப் பெயர்களின் பொருள் கீழே வரும்) சேர்ந்து தரும் மொத்தக் கணத்தாக்கு, அதாவது சராசரி விசையை எரியும் நேரத்தால் பெருக்கியது, ஏறக்குறைய 26 நியூட்டன்-நொடி. ஒரே ஒரு இ12 மோட்டாரும் கிட்டத்தட்ட அதையே தருகிறது. செலவு, நேரம், நம்பகம் எதில் பார்த்தாலும் ஒற்றை மோட்டாருக்கே வெற்றி.

கொத்தின் பக்கம் ஒரு தொழில்நுட்ப நியாயம் உண்டு. சி6 ஒவ்வொன்றும் பற்றிய சுமார் 0.2 நொடியில் 14 நியூட்டன் வரை எட்டி உதைக்கும். மூன்றும் சேர்ந்தால் 42 நியூட்டன். கனமான ராக்கெட்டை ஏவுகம்பியிலிருந்து விரைவாகக் கிளப்ப இந்த முதல் உதை உதவுகிறது. கடையில் சிறிய மோட்டார் மட்டுமே கிடைக்கும் மாதங்களிலும் கொத்துதான் கைகொடுக்கும். மற்றபடி இதைச் செய்பவர்கள் மூன்று தீநாக்குகள் ஒன்றாகக் கிளம்புவதைப் பார்க்க ஆசைப்பட்டே செய்கிறார்கள். அதை மறைத்துப் பேசுவதில் பொருளில்லை.

முதல் கொத்துக்கு எத்தனை மோட்டார்? இரண்டுதானே எளிது?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நான் மூன்று என்பேன். காரணம் கணக்கில் இருக்கிறது.

18 மில்லிமீட்டர் மோட்டாருக்கான குழாயின் வெளிவிட்டம் 18.7 மி.மீ. இரண்டு குழாய்களை ஒட்டிவைத்தால் ஒவ்வொன்றின் மையமும் ராக்கெட்டின் நடு அச்சிலிருந்து 9.4 மி.மீ. தள்ளி இருக்கும். ஒன்று பற்றாவிட்டால் பாதி விசை போய்விடும். மிச்சமிருக்கும் பாதி, அச்சிலிருந்து 9.4 மி.மீ. விலகித் தள்ளும். ராக்கெட் கம்பியை விட்டதும் வளைந்து தரையை நோக்கி ஓடுவதற்கு அது போதும்.

மூன்றை முக்கோணமாக அடுக்கினால் ஒவ்வொரு மையமும் 10.8 மி.மீ. தள்ளி இருக்கிறது. ஆனால் ஒன்று பற்றாதபோது மற்ற இரண்டின் கூட்டு விசை அச்சிலிருந்து 5.4 மி.மீ. மட்டுமே விலகுகிறது, விசையிலும் மூன்றில் இரண்டு பங்கு கையில் நிற்கிறது. நான்கைச் சதுரமாக வைத்தால் விலகல் இன்னும் குறைந்து 4.4 மி.மீ. ஆகிறது. ஆனால் பற்றவைக்க வேண்டியவை நான்காகிவிடுவதால் ஏதேனும் ஒன்று பற்றாமல் போகும் வாய்ப்பும் கூடுகிறது.

எளிது என்று தோன்றும் இரண்டுதான் தவறினால் மிக மோசமாகத் தவறுகிறது. இரண்டையே வைத்தாக வேண்டுமென்றால் மோட்டார்களைச் சற்றுச் சாய்த்து, அவற்றின் விசைக் கோடுகள் ராக்கெட்டின் ஈர்ப்பு மையத்தை நோக்கிப் போகும்படி பொருத்துவது ஒரு வழி. முதல் முயற்சியில் அந்தச் சாய்வைச் சரியாகச் செய்வது கடினம்.

உடல் குழாய்க்கு என்ன அளவு?

மூன்று வட்டங்களைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டுமானால், சிறு வட்டத்தின் விட்டத்தை 2.155 ஆல் பெருக்குங்கள். 18.7 மி.மீ. குழாய்க்கு 40.3 மி.மீ. வருகிறது. மாதிரி ராக்கெட் கடைகளில் பி.டி.60 என்ற பெயரில் விற்கும் குழாயின் உள்விட்டம் 40.5 மி.மீ. மூன்று மோட்டார் குழாய்களும் அதற்குள் அளவெடுத்துத் தைத்தாற்போல உட்காரும். நான்குக்கு 2.414 ஆல், ஏழுக்கு 3 ஆல் பெருக்க வேண்டும்.

வணிகக் குழாய் கிடைக்காதவர்கள் பொருத்தமான பிளாஸ்டிக் குழாயின்மேல் மெழுகுத்தாள் சுற்றி, அதன்மேல் பழுப்புத் தாளை மரப் பசையுடன் மூன்று நான்கு சுற்றுச் சுற்றிக் காயவைத்து உருவி எடுக்கலாம். டர்பனில் சேலைக் கடைகளில் துணிச் சுருளின் நடுவில் வரும் அட்டைக் குழாயைக் கேட்டு வாங்கி வருபவர்களும் உண்டு. கடைக்காரர் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார். ஆனால் அந்தக் குழாயின் சுவர் தடிப்பு, எடை மிக அதிகம். அதை ஏவுமேடையின் கால்களாக்கலாம், ராக்கெட்டாக்க வேண்டாம்.

சி6-5 என்பதில் ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது?

எழுத்து மொத்தக் கணத்தாக்கின் வகுப்பு. சி என்றால் 5 முதல் 10 நியூட்டன்-நொடி. அடுத்த எழுத்துக்கு உச்சவரம்பு இரட்டிப்பாகும், அதாவது டி 20 வரை, இ 40 வரை. நடு எண் சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி எண், எரிந்து முடிந்தபின் பாராசூட்டை வெளித்தள்ளும் மருந்து வெடிக்கும்வரை ஆகும் தாமதம், நொடியில்.

பெயரை அப்படியே நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சி6 சோதனை மேடையில் தருவது சுமார் 8.8 நியூட்டன்-நொடி. அது 1.9 நொடி அளவுக்கு எரிகிறது. வகுத்துப் பாருங்கள், சராசரி 5-க்கும் சற்றுக் கீழேதான் நிற்கும்.

கொத்தில் எல்லா மோட்டாரும் ஒரே வகை, ஒரே தாமதம், முடிந்தால் ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவையாக இருக்கட்டும். கருமருந்து மோட்டார்கள் சட்டென்று பற்றும். கூட்டு எரிபொருள் மோட்டார்கள் முழு விசைக்கு வர எடுக்கும் நேரம் ஒன்றுக்கொன்று மாறுபடும், அதனால் அவற்றைக் கொத்தாகப் பற்றவைப்பது தேர்ந்தவர்கள் வேலை. இரண்டு வகையையும் கலப்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

ராக்கெட் எவ்வளவு கனமாக இருக்கலாம்?

ஒரு சி6-5 மோட்டாருக்குத் தயாரிப்பாளர் சொல்லும் உச்ச எடை சுமார் 113 கிராம், மோட்டாரையும் சேர்த்து. மூன்று மோட்டார் என்பதால் 340 கிராம் என்று பெருக்கிவிட்டு உட்காருவார்கள். நான் இரண்டால்தான் பெருக்குவேன். 226 கிராம். ஒன்று பற்றாவிட்டாலும் மற்ற இரண்டும் தூக்கிவிடும் எடை அது.

220 கிராம் என்று வைத்துப் பட்ஜெட் போட்டுப் பாருங்கள். மூன்று மோட்டார்களே 72 கிராம். மீதி 148 கிராமில் உடல் குழாய், மூக்குக் கூம்பு, துடுப்புகள், மோட்டார் தாங்கி, பாராசூட், கயிறு, பசை, வண்ணம் எல்லாம் அடங்க வேண்டும். அடங்கும். வண்ணம் பூசுகிறவர் கையைக் கட்டிப்போட்டால் போதும். மூன்றாவது பூச்சும் பளபளப்பு மெருகும் சேர்ந்து 20 கிராமை விழுங்கிவிடும்.

இந்த எடையில் 1.2 மீட்டர் ஏவுகம்பியை விடும்போது, மூன்றும் பற்றினால் வேகம் நொடிக்கு 14 மீட்டருக்குக் குறையாது, இரண்டு மட்டும் பற்றினால் 11 மீட்டருக்குக் குறையாது என்று கணக்கு வருகிறது. காற்றில்லாத காலையில் 11 போதும். மரக்கிளை ஆடும் காற்றில் போதாது. கம்பி 5 மி.மீ. தடிப்புக்குக் குறையாமல் இருக்கட்டும், 3 மி.மீ. கம்பி இந்த எடைக்குச் சாட்டைபோல் வளையும்.

துடுப்புகள் மூன்றா, நான்கா?

மூன்று மோட்டாருக்கு மூன்று துடுப்பு. இது அழகுக்காகச் சொல்வது அல்ல. முக்கோணமாக அடுக்கிய குழாய்களுக்கு இடையே வெளிப்பக்கம் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன. துடுப்பின் அடிநாக்கை உடல் குழாயில் வெட்டிய பிளவு வழியாக உள்ளே விட்டால், அது நேரே அந்தப் பள்ளத்தில் போய் இரண்டு மோட்டார் குழாய்களுக்கும் நடுவே ஒட்டிக்கொள்ளும். தரையில் மோதினாலும் பெயராது. நான்கு துடுப்பு வைத்தால் ஒன்றிரண்டு குழாயின் முதுகில் முட்டி நின்றுவிடும்.

3 மி.மீ. பால்சா போதும். மரத்தின் நார் ஓட்டம் துடுப்பின் முன்விளிம்புக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்கே ஓடினால் கையாலேயே ஒடித்துவிடலாம்.

நேராகப் பறக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஈர்ப்பு மையம் அழுத்த மையத்துக்கு (காற்றின் தள்ளுதல் எல்லாம் சேர்ந்து செயல்படுவதாகக் கொள்ளும் புள்ளி) முன்னால், அதாவது மூக்குப் பக்கமாக, உடல் விட்டத்தின் ஒரு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். கொத்துக்கு நான் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வைக்கச் சொல்வேன். துடுப்பின் திருத்தும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. புறப்படும் நேரத்தில் வேகம் குறைவு, துடுப்பும் சோம்பேறி. ஒரு மோட்டார் பற்றாத பக்கம் ராக்கெட்டைச் சாய்க்கப் பார்ப்பதும் அதே நேரத்தில்தான். எனவே குட்டையான தடித்த வடிவத்தைவிட 75, 80 செ.மீ. நீண்ட ஒல்லி வடிவம் நல்லது, எளிதில் திரும்பாது.

அழுத்த மையத்தைக் கணக்கிடும் முறையை 1960-களில் நாசாவில் இருந்த ஜேம்ஸ் பாரோமேன் வகுத்துக் கொடுத்தார். இன்று அதைக் கையால் போட வேண்டியதில்லை. ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பின்லாந்தின் சாம்போ நிஸ்கானென் 2009-இல் தம் முதுநிலை ஆய்வேட்டுக்காக உருவாக்கியது. கொத்து அமைப்புகள் அதில் தயாராகவே இருக்கின்றன. மோட்டார் தாங்கியைத் தேர்ந்து, மூன்று என்று சொன்னால் போதும்.

மென்பொருள் ஈர்ப்பு மையத்தையும் சொல்லும், ஆனால் நீங்கள் அள்ளிப் பூசிய பசை அதற்குத் தெரியாது. ராக்கெட் முடிந்ததும் மூன்று மோட்டார்களையும் மடித்த பாராசூட்டையும் உள்ளே வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, கிடையாக நிற்கும் புள்ளியைக் கோக்கி பேனாவால் (மார்க்கர்) குறியுங்கள். காலி ராக்கெட்டில் பார்ப்பது வீண், வாலில் 72 கிராம் ஏறியதும் மையம் பின்னால் ஓடிவிடும். முன்னெடை போதவில்லை என்றால் மூக்குக் கூம்புக்குள் பிரெஸ்டிக் (சுவரில் தாள் ஒட்டும் களிமண் போன்ற பசை) உருட்டித் திணித்து, மேலே இரண்டு சொட்டு எபாக்சி விடுங்கள். எபாக்சி இல்லாமல் விட்டால் வெயிலில் பிரெஸ்டிக் கழன்று பாராசூட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

மோட்டார் தாங்கியை எப்படிக் கட்டுவது?

இதற்கு ஒரு முழு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். மூன்று குழாய்களையும் 7 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் நிறுத்துங்கள். அடி விளிம்புகள் மூன்றும் கண்ணாடியைத் தொட வேண்டும். இரண்டை முதலில் ஒட்டி, காய்ந்தபின் மூன்றாவதை அவற்றின் நடுப்பள்ளத்தில் கிடத்தி ஒட்டுங்கள். மேலும் கீழும் மாஸ்கிங் டேப்பால் ஒரு சுற்று. மரப் பசை நன்றாகப் பிடிக்கும், அவசரம் வேண்டாம்.

இப்போது ஒட்டிய மூன்று குழாய்களையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். நடுவில் வளைந்த பக்கங்களோடு ஒரு சின்ன முக்கோண ஓட்டை தெரியும். சுண்டுவிரல்கூட நுழையாது. ஆனால் வெளித்தள்ளும் மருந்து வெடிக்கும்போது, பாராசூட்டைத் தள்ள வேண்டிய வாயு அந்த ஓட்டை வழியாகப் பின்னால் சீறிப் போய்விடும். மூக்கு கழலாது. ராக்கெட் தலைகீழாக வந்து மண்ணில் குத்தும். மெல்லிய காகிதத்தைப் பசையில் ஊறவைத்து, தீக்குச்சியால் அந்த ஓட்டைக்குள் ஒரு செ.மீ. ஆழத்துக்கு அடையுங்கள். காய்ந்தபின் மேலே எபாக்சி ஊற்றுங்கள். அது மெதுவாகக் கீழிறங்கி மூலைகளில் தேங்கும். குழாய்களைத் திருப்பி மறுபக்கமும் அதே வேலை. வெளிப்புறப் பள்ளங்கள் மூன்றையும், துடுப்பு நாக்குகள் உள்ளே வந்து ஒட்டியபின், அதேபோல் அடைக்க வேண்டும். கடைசியில் ஒரு முனையில் வாய் வைத்து, மோட்டார் குழாய்களை விரல்களால் மூடிக்கொண்டு ஊதிப் பாருங்கள். காற்று வரக்கூடாது.

ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனியே உலோகக் கொக்கி வேண்டும். பற்றாத மோட்டார் சும்மா உட்கார்ந்திருக்கும் என்று நினைக்காதீர்கள், மற்ற இரண்டின் வெடிப்பு அதைப் பின்னால் துப்பிவிடும். மூன்று வெடிப்பு மருந்துகள் ஏறக்குறைய ஒன்றாக வெடிப்பதால், மூக்கையும் பாராசூட்டையும் உடலோடு பிணைக்கும் அதிர்ச்சிக் கயிற்றையும் காகித மடிப்பில் ஒட்டி விடுவது போதாது. வெப்பம் தாங்கும் கெவ்லார் நூலை மோட்டார் தாங்கியைச் சுற்றியே கட்டுங்கள்.

எந்தப் பசை?

காகிதத்துக்குக் காகிதம் என்றால் மஞ்சள் மரப் பசை. அடைப்புக்கும் துடுப்பு மூலைக்கும் எபாக்சி. பிராட்லி எபாக்சி எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். சூட்டுப் பசைத் துப்பாக்கி மட்டும் வேண்டாம், மோட்டார் சூட்டில் இளகிவிடும்.

மூன்றையும் ஒரே நேரத்தில் பற்றவைப்பது எப்படி? எனக்கு எப்போதும் இரண்டுதான் பற்றுகிறது.

இதுதான் உயிர்நாடி. பெரிய ராக்கெட்டுகளுக்கு இந்தக் கவலை பாதிதான். சாட்டர்ன் 5-இன் ஐந்து எஞ்சின்களும் பற்றி விசை எட்டியது உறுதியாகும்வரை இரும்புக் கைகள் அதைப் பிடித்து வைத்திருந்தன. ஃபால்கன் 9-இன் ஒன்பது எஞ்சின்களுக்கும் அப்படியே. நம் ராக்கெட்டை யாரும் பிடித்து வைப்பதில்லை. முதலில் பற்றியது எதுவோ அது கிளப்பிக்கொண்டு போய்விடும், பற்றவைப்புக் கம்பிகளும் பிடுங்கிக்கொண்டுவிடும். தாமதமாகப் பற்ற நினைத்த மோட்டாருக்கு இரண்டாம் வாய்ப்புக் கிடையாது.

முதல் விதி, இணை இணைப்பு. தொடராக இணைத்தால் முதலில் எரிந்த கம்பி சுற்றை அறுத்துவிடும், மற்ற இரண்டும் செத்தன.

இரண்டாவது, மின்னோட்டம். ஒவ்வொரு பற்றவைப்புக் கம்பிக்கும் 2 ஆம்பியர் தாராளமாகக் கிடைக்க வேண்டும், மூன்றுக்கு 6. கடையில் வரும் சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பென் டார்ச் பேட்டரிகள் ஒன்றைப் பற்றவைக்கவே மூச்சு வாங்கும். 12 வோல்ட் ஈய அமில பேட்டரி வேண்டும். ஒயரும் தடிப்பாக வேண்டும். 10 மீட்டர் தள்ளி நின்றால் போய் வர 20 மீட்டர் செம்பு. வீட்டு மின்வேலைக்கான 2.5 சதுர மி.மீ. ஒயரில் அதன் மின்தடை சுமார் 0.15 ஓம். மெல்லிய அழைப்புமணி ஒயரில் அது ஒன்றரை ஓமையும் தாண்டும், பேட்டரியின் பலமெல்லாம் ஒயரைச் சூடாக்கவே போய்விடும்.

மூன்றாவது, உட்காரும் விதம். பற்றாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கம்பியின் கருநுனி கருமருந்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மி.மீ. இடைவெளி இருந்தாலும் நுனி பொறிவிட்டு அணையும், மோட்டார் அப்படியே இருக்கும். மோட்டாரை, தீ வெளிவரும் வாய் மேலே பார்க்கும்படி பிடித்து, கம்பியை அது நிற்கும்வரை இறக்கி, பிளாஸ்டிக் அடைப்பானை அழுத்துங்கள். அழுத்தும்போது கம்பி மேலேறுகிறதா என்று பாருங்கள். மூன்றும் ஒரே உயரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று மட்டும் உயர்ந்து தெரிந்தால் அது உள்ளே போகவில்லை.

பிறகு வால்களைக் கட்டுவது. ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு கால். எல்லா இடக் கால்களையும் உரித்த செம்புக் கம்பி ஒன்றில் சுற்றுங்கள், எல்லா வலக் கால்களையும் இன்னொன்றில். இரண்டும் எங்கும் உரசக்கூடாது. நடுவே ஒரு துண்டு மாஸ்கிங் டேப். முதலைக் கிளிப்புகளின் பற்களை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மாட்டுங்கள், போன முறை படிந்த கரி மின்சாரத்தை மறிக்கும்.

சோதனை விளக்கு எரிகிறது. அப்படியென்றால் மூன்றும் சரிதானே?

இல்லை. இணை இணைப்பில் ஒன்று சரியாக இருந்தாலே விளக்கு எரியும். மற்ற இரண்டும் அறுந்திருக்கலாம். எனவே மோட்டாரில் வைப்பதற்கு முன்பே ஒவ்வொரு கம்பியையும் தனியாக மீட்டரில் பாருங்கள்.

கேட் மோட்டார் பேட்டரியைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. இந்த நாட்டில் தானியங்கி கேட்டும் அலாரமும் உள்ள வீடுகளில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று எங்காவது இருக்கும். அளவு கச்சிதம், ஒரு கையால் தூக்கலாம். ஒரு நாள் கேட்டைக் கையால் தள்ள வேண்டிவரும் வீட்டாரின் முணுமுணுப்பை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். ஆனால் மின்வெட்டுக் காலத்தில் பலமுறை அடிமட்டம்வரை இறங்கிச் சோர்ந்த பேட்டரி வேண்டாம். சும்மா அளந்தால் 12.6 வோல்ட் காட்டும், சுமை ஏற்றியதும் படுத்துவிடும். கேட்டே தடுமாறித் திறக்கும் வீட்டின் பேட்டரி மூன்று மோட்டாரைப் பற்றவைக்காது.

20 ஆம்பியர் கார் ஃபியூஸ் ஒன்றைக் கட்டாயம் சேருங்கள். பேட்டரியை மேடைக்கு அருகே வைத்து, கார் விளக்குக்கான ரிலே ஒன்றால் இயக்கினால் நீண்ட ஒயரில் பெரிய மின்னோட்டம் ஓட வேண்டியதில்லை. பெட்டியில் கழற்றக்கூடிய சாவி இருக்கட்டும். மேடைக்கு யார் போனாலும் அந்தச் சாவி அவர் சட்டைப்பையில் போக வேண்டும்.

பொத்தானை அழுத்தினேன், ஒன்றுமே நடக்கவில்லை.

சாவியைக் கழற்றுங்கள். 60 நொடி காத்திருங்கள். அதன் பிறகே நடங்கள். பிள்ளைகள் முன்னால் ஓட வேண்டாம்.

எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்?

அமெரிக்கத் தேசிய ராக்கெட்டியல் சங்கத்தின் பாதுகாப்பு விதிகளைத்தான் பல நாட்டவரும் பின்பற்றுகிறார்கள். டி வகுப்புவரை 15 அடி, அதற்கு மேல் 30 அடி. கொத்தில் மொத்தத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். மூன்று சி சேர்ந்தால் இ வகுப்பு, எனவே 30 அடி, அதாவது 9 மீட்டர். ஏவுகம்பி செங்குத்திலிருந்து 30 பாகைக்கு மேல் சாயக்கூடாது. காற்று மணிக்கு 32 கி.மீ.-ஐத் தாண்டினால் விடக்கூடாது. கொத்துக்கு நான் அதில் பாதியிலேயே நிறுத்திவிடுவேன்.

பாராசூட் எவ்வளவு பெரிது?

எரிந்தபின் எடை 185 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். 45 முதல் 50 செ.மீ. விட்டமுள்ள பாராசூட் அதை நொடிக்கு 5 மீட்டருக்கும் குறைவான வேகத்தில் இறக்கும். 300 மீட்டர் உயரத்திலிருந்து அது தரைக்கு வர ஒரு நிமிடம். நொடிக்கு 4 மீட்டர் காற்றடித்தால் அந்த ஒரு நிமிடத்தில் 240 மீட்டர் தள்ளிப் போய்விடும். மைதானம் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதை இந்த எண்ணே சொல்லும்.

டோங்காட் பக்கம் எங்கள் உறவினரின் கரும்புத் தோட்டம் இருக்கிறது. அங்கே விடலாமா?

வேண்டாம், இரண்டு காரணங்களுக்காக. கிங் ஷாகா பன்னாட்டு விமான நிலையம் 2010-இல் லா மெர்சியில் திறந்ததிலிருந்து டோங்காட், வெருலம் வட்டாரத்தின் வானம் விமானங்களுடையது. இரண்டாவது காரணம் கரும்பு. 1860-இல் கரும்புத் தோட்ட வேலைக்காக ட்ரூரோ கப்பலில் வந்திறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கரும்பு எப்படிப் பற்றும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. குளிர்காலத்தில் காய்ந்த தோகைக்கு ஒரு பொறி போதும். அதோடு, வளர்ந்த கரும்புக்குள் விழுந்த ராக்கெட் அறுவடைவரை கிடைக்காது.

தேவை, பக்கத்துக்கு 300 மீட்டராவது திறந்த மேய்ச்சல் நிலம் அல்லது பெரிய விளையாட்டுத் திடல், உரிமையாளரின் அனுமதி, மின்கம்பியும் நெடுஞ்சாலையும் இல்லாத சுற்றம். மேடைக்கு அடியில் புல்லைச் செதுக்கித் தகடு வையுங்கள். நனைத்த சாக்கும் தண்ணீர்க் கேனும் பக்கியில் (பிக்கப் வண்டி) எப்போதும் இருக்கட்டும். 1998-ஆம் ஆண்டின் தேசியப் புல்வெளி மற்றும் காட்டுத் தீச் சட்டப்படி தீ அபாயக் குறியீடு உயர்ந்த நாட்களில் திறந்தவெளியில் தீ மூட்டத் தடை இருக்கிறது. மலைக்காற்று சூடாக வீசும் ஆகஸ்ட், செப்டம்பர் நாட்களில் குறியீட்டைப் பார்க்காமல் வீட்டைவிட்டுக் கிளம்பாதீர்கள். பாராசூட்டைச் சூட்டிலிருந்து பாதுகாக்கத் திணிக்கும் பஞ்சு தீப்பிடிக்காத வகையாக இருக்க வேண்டும். கழிவறைக் காகிதம் கனன்றுகொண்டே கீழே வரும்.

வான்வெளி அனுமதி குறித்துச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடமும், மோட்டார் வாங்கி வைப்பது குறித்துக் காவல்துறையின் வெடிபொருள் பிரிவிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே அனுமதி வாங்கி விடுபவர்களோடு சேர்ந்துகொள்வது இன்னும் சுலபம்.

மோட்டார் விலை அதிகம். நாமே மருந்து கலந்தால் என்ன?

கூடாது. உரிமம் இல்லாமல் வெடிமருந்து தயாரிப்பது இங்கே குற்றம். விரல்களை இழந்தவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். இந்தியாவிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வரும் உறவினரின் பெட்டியில் மோட்டார் கொண்டுவரச் சொல்வதும் கூடாது, விமானத்தில் அதற்குத் தடை.

டர்பன் வெக்கையில் மோட்டாரை எங்கே வைப்பது?

வீட்டுக்குள், மூடிய டப்பாவில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு. கார் டிக்கியில் வேண்டவே வேண்டாம். பகலில் சூடு, இரவில் குளிர் என்று மாறி மாறிப் பட்டால் அழுத்தி வைத்த கருமருந்து உறையின் சுவரிலிருந்து விலகும், அல்லது விரிசல் விடும். பற்றும்போது எரியும் பரப்பு திடீரென்று கூடி மோட்டார் வெடிக்கும். கொத்தில் ஒன்று வெடித்தால் மற்ற இரண்டும் சும்மா இருக்காது. கடலோர ஈரத்தில் பால்சாவும் அட்டையும் ஊறி வீங்கும் என்பதால், துடுப்புகளை ஒட்டும் முன்பே அடைப்புப் பூச்சு கொடுத்துத் தேய்த்துவிடுங்கள்.

நாங்கள் லெனேசியாவில் இருக்கிறோம். ஏதாவது மாறுமா?

உங்களுக்கு அதிர்ஷ்டம். 1,600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவு. அதே ராக்கெட் டர்பனைவிட உயரமாகப் போகும். இறங்கும்போதும் அதே காற்றுதான், பாராசூட் 8 விழுக்காடு வேகமாக இறக்கும், சற்றுப் பெரிதாக வெட்டுங்கள். குளிர்காலப் புல் உங்கள் பக்கம் இன்னும் காய்ந்தது.

தீபாவளி இரவில் விடலாமா? பிள்ளைகள் கேட்கிறார்கள்.

இருட்டில் பாராசூட்டைத் தேட முடியாது, தலைக்கு மேல் வருவதும் தெரியாது. பகலில் மட்டும். தீபாவளிக்கு வாணம் விடுங்கள், அதற்கும் நகராட்சி குறித்த நேரம் உண்டு.

குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழக ராக்கெட்டும் கொத்துதானா?

இல்லை. 2021 மார்ச்சில் ஓவர்பர்க் சோதனைத் தளத்திலிருந்து 17.9 கி.மீ. உயரம் போன அவர்களுடைய ஃபீனிக்ஸ் 1பி ஒற்றைக் கலப்பு எஞ்சின் ராக்கெட். மெழுகு எரிபொருள், நைட்ரஸ் ஆக்சைடு அதற்கு ஆக்சிஜன் தருவது. கொத்தின் கதையைப் படிக்க விரும்பினால் சாட்டர்ன் 1-ஐப் பாருங்கள். எட்டு எஞ்சின்களை ஒன்றாகக் கட்டியிருந்தார்கள். 1964-இல் ஒரு பயணத்தில் ஓர் எஞ்சின் பாதியில் நின்றும் சுற்றுப்பாதையை எட்டியது. சோவியத் என்1 முப்பது எஞ்சின்களோடு 1969 முதல் 1972 வரை நான்கு முறை கிளம்பி நான்கு முறையும் தோற்றது. ஏழு மோட்டார் கொத்து செய்யத் துடிக்கும் பையன்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

இறங்கியபின் ஒரு மோட்டார் பற்றாமலே இருக்கிறது. என்ன செய்வது?

ஐந்து நிமிடம் தொடாதீர்கள், புகை வருகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். பிறகு மோட்டாரைக் கழற்றி, பற்றவைப்புக் கம்பியை உருவுங்கள். நுனி எரிந்திருந்தால் அது மருந்தைத் தொடவில்லை என்று பொருள். எரியாமல் இருந்தால் மின்சாரம் போய்ச் சேரவில்லை, கிளிப்பையும் சுற்றிய கால்களையும் பாருங்கள். நுனியைப் பார்க்காமல் தூக்கி எறிந்துவிட்டால் அடுத்த முறையும் அதே தவறுதான். முனையும் உறையும் சேதமில்லாத மோட்டாரைப் புதுக் கம்பி வைத்துத் தனியாக, ஒற்றை மோட்டார் ராக்கெட்டில் பயன்படுத்தலாம். தரையில் மோதியது, நனைந்தது, மற்றவற்றின் வெடிப்புச் சூடு பட்டது என்றால் அதுவும் வேண்டாம், தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்துவிடுங்கள்.

மின்கம்பியில் மாட்டிக்கொண்டது. நீளமான மூங்கிலால் எடுத்துவிடலாமா?

தொடக்கூடாது. காய்ந்த மூங்கிலாக இருந்தாலும் கூடாது. நகராட்சியின் மின்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் எடுத்துத் தந்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், தராவிட்டால் மூக்குக் கூம்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.